ஆடி மாசத்துல வீடு பாருங்க: தாம்பரம் பக்கம் குடிபோறவங்களுக்கு ஒரு செலவுக் கணக்கு

இன்னைக்கு வீடு மாறுறதைப் பத்திப் பேசப் போறோம். வாங்குறது இல்ல, வாடகை வீடு. அதுவும் நம்ம ஏரியா. பல்லாவரத்துல ஆரம்பிச்சு குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம். இந்தப் பக்கம் சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம் வரைக்கும்.

வீடு மாறும்போது காசு மிச்சம் பண்றது எப்படின்னு யாரைக் கேட்டாலும் வண்டியைப் பத்திதான் பேசுவாங்க. அண்ணாச்சி கடையில அட்டைப்பெட்டி வாங்கிக்கோ, பாத்திரத்தைத் துணியில சுத்து, குட்டி யானைக்காரர்கிட்ட இருநூறு ரூபாய் குறைச்சுக் கேளு. எல்லாம் சரிதான். ஆனா ஒரு நிமிஷம் மொத்தக் கணக்கையும் போட்டுப் பாருங்க. 12,000 ரூபாய் வாடகையில ஒரு சின்ன வீடுன்னு வெச்சுக்குவோம். பத்து மாச அட்வான்ஸ் கேட்டா 1,20,000. புரோக்கருக்கு ஒரு மாச வாடகை 12,000. முதல் மாச வாடகை 12,000. வண்டி, லோடுமேன் எல்லாம் சேர்த்து ஒரு 5,000. கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம். மாசம் 25,000 சம்பளம் வாங்குற ஒருத்தருக்கு இது ஆறு மாசச் சம்பளம். இதுல நாம பேரம் பேசுறது அந்த 5,000 ரூபாய்க்கு மட்டும்தான். மிச்சத்துக்கு "அதான் இங்க வழக்கம் தம்பி"ன்னு சொன்னா தலையாட்டிட்டு வந்துடுறோம்.

அதனால நான் தலைகீழா ஆரம்பிக்கிறேன். முதல்ல அட்வான்ஸ். வண்டி கடைசியில.

தமிழ்நாட்டுல வாடகைக்குன்னு ஒரு சட்டம் இருக்கு. 1960ல வந்த பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துட்டு, 2017ல புதுசா ஒண்ணு நிறைவேத்தினாங்க. அது 2019 பிப்ரவரியில நடைமுறைக்கு வந்தது. அதுல மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாதுன்னு இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடியே ஒரு வரி: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் தவிர. விஷயமே இந்த வரியிலதான் இருக்கு. "சட்டப்படி மூணு மாசம்தான் சார்"னு ஓனர்கிட்ட போய்ச் சண்டை போட முடியாது. பத்து மாசம்னு எழுதி நீங்க கையெழுத்துப் போட்டுட்டா, அந்தப் பத்து மாசம் நீங்க சம்மதிச்சது. சட்டம் உங்களுக்குக் கொடுக்குறது ஒரு பேச்சுவார்த்தைத் தொடக்கம். மூணுலேருந்து ஆரம்பிச்சு மேல போறதுக்கும், பத்துலேருந்து ஆரம்பிச்சு கீழ வர்றதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு.

"அட்வான்ஸ் திரும்பி வர்ற காசுதானே, அது எப்படிச் செலவாகும்?"னு சிலர் கேட்பாங்க. வட்டியைக் கணக்குப் போடுங்க. ரெண்டு வீடு பாக்குறீங்க. முதல் வீடு 12,000 வாடகை, பத்து மாச அட்வான்ஸ். ரெண்டாவது வீடு 12,700 வாடகை, மூணு மாச அட்வான்ஸ், அதாவது 38,100. பார்த்தா முதல் வீடு மாசம் 700 ரூபாய் சீப். ஆனா அட்வான்ஸ்ல வித்தியாசம் 81,900 ரூபாய். இந்தக் காசை நீங்க 14 சதவீத வட்டிக்கு பர்சனல் லோன் போட்டுக் கொடுத்தீங்கன்னா வருஷத்துக்கு சுமார் 11,500 வட்டி. மாசத்துக்கு 950 ரூபாய்க்கு மேல. அப்போ வாடகை அதிகமான ரெண்டாவது வீடுதான் உங்களுக்கு லாபம். அதே பணம் உங்க பேர்ல 7 சதவீத எஃப்டியில சும்மா இருந்ததுன்னா, நீங்க இழக்குறது மாசம் 480 ரூபாய்தான். அப்போ முதல் வீடு லாபம். அதே வீடுதான், ஆளைப் பொறுத்து பதில் மாறுது. பக்கத்து சீட் நண்பன் என்ன பண்ணான்னு கேக்குறதுக்கு முன்னாடி, அவன் அட்வான்ஸ் எங்கிருந்து கொடுத்தான்னு கேளுங்க.

சரி, ஓனர்கிட்ட எப்படிப் பேசுறது? ஓனர் பக்கத்துலயும் நியாயம் இருக்கு. நம்ம ஊர்ப் பக்கம் பாதிப் பேர் பெரிய பணக்காரங்க இல்ல. ரிட்டயர் ஆன காசுல மேல ஒரு மாடி கட்டி வாடகைக்கு விட்டவங்க. அவங்களுக்கு ரெண்டு பயம். வாடகை நிலுவை வெச்சுட்டு காலி பண்ண மாட்டேன்னு நிப்பாங்களோங்கிறது ஒண்ணு. வீட்டை நாசம் பண்ணிடுவாங்களோங்கிறது இன்னொண்ணு. இந்த ரெண்டுக்கும் பதில் வெச்சுட்டுப் பேசுங்க. "அங்கிள், அஞ்சு மாசம் தர்றேன். வாடகை ஒண்ணாம் தேதி ஆட்டோமேட்டிக்கா உங்க அக்கவுன்ட்டுக்கு வந்துடும், பேங்க்ல போட்டு வெச்சுடுறேன். அக்ரிமென்ட்டை ஆன்லைன்ல பதிவும் பண்ணிடலாம்." இப்படிச் சொன்னா பத்து ஏழாகும், சில இடத்துல அஞ்சாகும். ரெண்டு மாசமா பூட்டிக் கிடக்குற வீடுன்னா இன்னும் சுலபம்.

அட்வான்ஸ்ல இன்னொரு ரகசியம் இருக்கு. நீங்க கொடுக்குற 1,20,000 பெரும்பாலும் ஓனர் பீரோவுக்குப் போறதே இல்ல. முன்னாடி குடியிருந்தவங்களுக்குத் திருப்பிக் கொடுக்கத்தான் போகும். அதனாலதான் நீங்க காலி பண்ணும்போது "புதுசா ஆள் வரட்டும்ப்பா, வந்ததும் தர்றேன்"னு சொல்றாங்க. அவங்க ஏமாத்தணும்னு சொல்றதில்ல, காசு கையில இல்ல. ஆனா உங்க புது வீட்டு ஓனருக்கு இன்னைக்கே அட்வான்ஸ் வேணும். பழைய காசு வரல, புதுக் காசு கொடுக்கணும். இந்த இடைவெளியிலதான் கிரெடிட் கார்டு, தங்க நகைக் கடன்னு போய் மாட்டிக்கிறோம்.

இதைக் குடிபோற அன்னைக்கே தடுக்கணும். காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள, பிடிக்க வேண்டியதைப் பிடிச்சுக்கிட்டு மிச்ச அட்வான்ஸைத் திருப்பித் தரணும்னு அந்த 2017 சட்டமே சொல்லுது. அதை அக்ரிமென்ட்லயும் ஒரு வரியா எழுதச் சொல்லுங்க. கூடவே, நோட்டீஸ் கொடுத்த பிறகு வர்ற கடைசி ரெண்டு மாச வாடகையை அட்வான்ஸ்ல கழிச்சுக்கலாம்னு ஒரு வரி. பல ஓனர்கள் இதுக்கு ஒத்துக்குவாங்க, ஏன்னா அவங்களும் மொத்தமா திரட்ட வேண்டியது குறையுது. அட்வான்ஸை ரொக்கமா கொடுக்காதீங்க. பேங்க் டிரான்ஸ்ஃபர் பண்ணி, குறிப்புல "வீட்டு அட்வான்ஸ்"னு எழுதுங்க. ஓனர் பேர்ல இருக்குற அக்கவுன்ட்டுக்கே போகணும். புரோக்கர் அக்கவுன்ட்டுக்கு இல்ல, ஓனரோட மச்சான் அக்கவுன்ட்டுக்கும் இல்ல.

பெயின்ட் அடிக்கிற காசு. நம்ம பக்கம் காலி பண்ணும்போது ஒரு மாச வாடகையைப் பெயின்ட்டுக்குன்னு பிடிச்சுக்குறது எழுதாத சட்டம் மாதிரி ஆயிடுச்சு. உண்மையில எழுதின சட்டம் வேற மாதிரி சொல்லுது. யார் எந்த ரிப்பேர் பண்ணணும்னு அந்தச் சட்டத்துல ஒரு அட்டவணையே இருக்கு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, உடைஞ்ச கண்ணாடி, இதெல்லாம் குடியிருக்கிறவங்க பொறுப்பு. சுவருக்கு வெள்ளையடிக்கிறது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், பெரிய வயரிங் வேலை, பைப் மாத்துறது ஓனர் பொறுப்பு. இதுவும் அக்ரிமென்ட்ல வேற மாதிரி எழுதாத வரைக்கும்தான். நிறைய பேர் வெச்சிருக்கிற ரெடிமேட் அக்ரிமென்ட்ல "காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயின்டிங்குக்காகப் பிடித்தம் செய்யப்படும்"னு ஏற்கெனவே டைப் அடிச்சிருக்கும். அந்த வரியைப் படிங்க. எடுக்கச் சொல்ல முடியலைன்னா, "இரண்டு வருஷத்துக்கு மேல் குடியிருந்தால் பிடித்தம் இல்லை"ன்னாவது மாத்தச் சொல்லுங்க. சாவி வாங்குற அன்னைக்கே, சாமான் இறங்குறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு ரூமையும் வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப் பண்ணிடுங்க. ஆணி அடிச்ச ஓட்டை, பாத்ரூம் கசிவு எல்லாம் தெரியணும். அஞ்சு நிமிஷ வேலை.

அக்ரிமென்ட்டைப் பதிவு பண்றதைப் பத்திச் சொன்னேன்ல. 11 மாச அக்ரிமென்ட்தான் எல்லாரும் போடுவாங்க. ஒரு வருஷத்துக்கு மேல போனா பதிவு பண்ணணும்னு 1908 பதிவுச் சட்டம் சொல்றதால வந்த பழக்கம் அது. ஆனா 2017 சட்டப்படி 11 மாசமா இருந்தாலும் வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும். துணை ஆட்சியர் நிலையில இருக்குற அதிகாரி அவர். இதுக்குத் தமிழ்நாடு அரசோட தனி வெப்சைட்டே இருக்கு. நாளைக்கு அட்வான்ஸ் தகராறுன்னு வந்தா நீங்க போய் நிக்க வேண்டிய இடம் இதுதான். பதிவு இல்லாத பேப்பரைக் கையில வெச்சுக்கிட்டு அங்க பேசுறது கஷ்டம்.

இப்போ லீஸ். அஞ்சாறு லட்சம் மொத்தமா கொடு, மூணு வருஷம் வாடகையே வேண்டாம், போகும்போது முழுசா வாங்கிட்டுப் போன்னு சொல்வாங்க. ஊர்ப் பக்கம் போக்கியம், ஒத்தின்னு சொல்றதுதான். கேட்க நல்லா இருக்கும். ஆனா ஓனருக்கு எதுக்கு மொத்தமா காசு வேணும்? சில பேருக்கு நியாயமான காரணம் இருக்கும். சில பேருக்கு அந்த வீட்டு மேலயே பேங்க் லோன் நிலுவையில இருக்கும். பேங்க் வந்து வீட்டை எடுத்துக்கிட்டா உங்க அஞ்சு லட்சத்துக்கு நீங்க வரிசையில கடைசி ஆள். அதனால லீஸ்னு யார் சொன்னாலும் முதல்ல வில்லங்கச் சான்றிதழ் பாருங்க. பதிவுத்துறை வெப்சைட்ல இலவசமாவே பாக்கலாம். ஓனரோட பேரும், அடமானம் ஏதாவது பதிவாகியிருக்கான்னும் தெரியும். என்னைக் கேட்டா, வாழ்நாள் சேமிப்பு மொத்தமும் அந்த அஞ்சு லட்சம்தான்னா லீஸ் பக்கம் போகவே போகாதீங்க.

எப்போ வீடு மாறணும்? இதுக்கு நம்ம காலண்டர்லயே பதில் இருக்கு. ஆடியிலயும் மார்கழியிலயும் யாரும் குடிபோக மாட்டாங்க. ஆடி பொறக்கிறதுக்கு முன்னாடி ஓடிப் போய்ப் பால் காய்ச்சுறவங்க உண்டு, இல்லைன்னா ஆவணி வரைக்கும் காத்திருப்பாங்க. நடுவுல காலியான வீடு ஒரு மாசம் சும்மா கிடக்கும். ஓனருக்கு அந்த மாசம் வருமானம் இல்ல, புரோக்கருக்கு வேலை இல்ல, வண்டிக்காரருக்குச் சவாரி குறைவு. உங்களுக்கு இந்தச் சம்பிரதாயத்துல நம்பிக்கை இல்லைன்னா, பேரம் பேச வருஷத்துலயே நல்ல நேரம் அதுதான். நம்பிக்கை இருக்கு, இல்லைன்னா அம்மா ஒத்துக்க மாட்டாங்கன்னா, ஆடியில வீடு பார்த்துப் பேசி முடிச்சு டோக்கன் கொடுத்துட்டு ஆவணி முதல் வாரம் குடிபோங்க. அட்வான்ஸைக் குறைச்சுக் கேக்குறதை மட்டும் ஆடியிலயே முடிச்சுடுங்க. போதாக்குறைக்கு ஃபேன், மிக்ஸி, வாஷிங் மெஷின்னு எல்லாத்துக்கும் ஆடித் தள்ளுபடி ஓடுறதும் அதே மாசம்தான்.

அடுத்தது கரன்ட். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், இல்ல. நம்ம ஊர்ல வீட்டுக் கனெக்‌ஷனுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா பில். 2025 கணக்குப்படி முதல் 100 யூனிட் இலவசம். தனி கனெக்‌ஷன் இருக்குற வீட்டுல ரெண்டு மாசத்துக்கு 200 யூனிட் ஓட்டினா அந்தக் கணக்குல பில் 250 ரூபாய்க்குள்ளதான் வரும். அதே 200 யூனிட்டை, ஓனர் சப் மீட்டர் வெச்சு யூனிட்டுக்கு 8 ரூபாய்னு வாங்கினா 1,600. மாசத்துக்குக் கிட்டத்தட்ட 675 ரூபாய் வித்தியாசம். வாடகையில 500 குறைச்சுட்டோம்னு சந்தோஷப்பட்டுட்டு சப் மீட்டர் வீட்டுக்குப் போனா, குறைச்சதை விட அதிகமா கொடுத்துட்டு இருப்பீங்க. "தனி ஈ.பி. கனெக்‌ஷனா?"ங்கிறது வாடகை எவ்வளவுன்னு கேட்ட உடனே கேக்க வேண்டிய ரெண்டாவது கேள்வி.

தனி கனெக்‌ஷன்னாலும் ஒரு பொறி இருக்கு. மொத்தம் 500 யூனிட் தாண்டினா கட்டண விகிதமே மாறும். நீங்க ரெண்டு மாச சுழற்சிக்கு நடுவுல குடிபோறீங்க. முன்னாடி இருந்தவங்க ஏ.சி. போட்டு 300 யூனிட் ஓட்டியிருக்காங்க, நீங்க 250. மொத்தம் 550. நீங்க தனியா தாண்டாத எல்லையை அவங்களோட சேர்ந்து தாண்டிட்டீங்க. சாவி வாங்கும்போதே மீட்டரை போட்டோ எடுத்து, "இது வரைக்கும் அவங்களோடது, இதுக்கு மேல என்னோடது, ஏறுற கட்டணத்தைப் பிரிச்சுக்கலாம்"னு பேசிடுங்க. பழைய பாக்கி இருக்கான்னு கனெக்‌ஷன் நம்பரைப் போட்டு ஆன்லைன்லயே பாத்துடலாம்.

வாடகை ஏன் கம்மின்னு கேக்கவும் கத்துக்கணும். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் நல்ல பெரிய வீடு, கீழ்த்தளம், வாடகை ஆச்சரியமா குறைவா இருக்கும். 2015 டிசம்பர்ல அடையாறு பொங்கினப்போ அந்தப் பக்கம் படகுல ஆளுங்களை மீட்டாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்பவும் தண்ணி நின்னுச்சு. பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கமும் இதே கதைதான். அந்த ஏரியாவே வேண்டாம்னு நான் சொல்லல. முதல் மாடின்னா பெரிய பிரச்சினை இல்ல. ஆனா கீழ்த்தளம்னா ஒரு தடவை தண்ணி உள்ள வந்தாலே ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், பைக், மெத்தை எல்லாம் போச்சு. மூணு வருஷமா மிச்சம் பிடிச்ச வாடகை ஒரே ராத்திரியில போயிடும். ஓனரைக் கேக்காதீங்க, தெருமுனை இஸ்திரி வண்டி அண்ணனைக் கேளுங்க. "2015ல இங்க தண்ணி எவ்வளவு உயரம்ண்ணே?"ன்னு கேட்டா, இடுப்புல கையை வெச்சுக் காட்டுவார்.

மழையில தண்ணி அதிகம்னா கோடையில தண்ணியே இல்ல. 2019 கோடையில சென்னை பட்ட பாடு ஞாபகம் இருக்கும். மேடவாக்கத்துலேருந்து ஓ.எம்.ஆர். வரைக்கும் பல அபார்ட்மென்ட் லாரித் தண்ணியில ஓடுது. மெயின்டெனன்ஸ் 2,000 ரூபாய்னு சொல்வாங்க, அதுல லாரித் தண்ணி சேர்ந்திருக்கான்னு சொல்ல மாட்டாங்க. ஏப்ரல், மே மாச மெயின்டெனன்ஸ் எவ்வளவு வந்துச்சுன்னு அங்க குடியிருக்கிற ஒருத்தரைக் கேளுங்க.

தூரத்துக்கும் விலை உண்டு. தாம்பரம் 2021 நவம்பர்ல மாநகராட்சி ஆச்சு. 2023 டிசம்பர் கடைசியில கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தாங்க. புரோக்கர்கள் இந்த ரெண்டையும் சொல்லியே ஊரப்பாக்கம், வண்டலூர் வாடகையை ஏத்திப் பேசுவாங்க. அப்படியும் தாம்பரத்தை விட அங்க குறைவாத்தான் கிடைக்கும். ஆனா பீச்லேருந்து வர்ற லோக்கல் ரயில்ல நிறைய தாம்பரத்தோட நின்னுடும், செங்கல்பட்டு வரைக்கும் போறது குறைவு. உங்களுக்கு ராத்திரி ஷிப்ட்னா, பத்தரை மணிக்கு மேல தாம்பரத்துல இறங்கி ஆட்டோவுக்கு எவ்வளவு ஆகும்னு மாசக் கணக்குப் போடுங்க. வாரத்துக்கு மூணு ஆட்டோ 200 ரூபாய்னு வெச்சாலே மாசம் 2,400. அந்தக் காசுக்கு சானடோரியத்துலயே ஸ்டேஷனுக்கு நடக்குற தூரத்துல வீடு பாக்கலாம்.

இப்போ வண்டி. சட்டுன்னு சொல்லி முடிச்சுடுறேன். ஒரு பெட்ரூம் வீட்டுச் சாமானுக்கு ஒரு குட்டி யானை, ரெண்டு நடை போதும். ஞாயிறும் முகூர்த்த நாளும் தவிர்த்தா குறையும். எத்தனாவது மாடி, லிஃப்ட் இருக்கா, வண்டி தெருவுக்குள்ள வருமான்னு முன்னாடியே சொல்லி, ஏத்துக்கூலி இறக்குக்கூலி சேர்த்து ஒரே தொகை பேசுங்க. சாமானை ஏத்தின பிறகு "மாடிக்குத் தனி காசு"ன்னு சொன்னா உங்களால ஒண்ணும் பண்ண முடியாது. பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் வேணும்னா முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீங்க.

கேஸ் கனெக்‌ஷனைப் புதுசா எடுக்காதீங்க. சென்னைக்குள்ளயே மாறுறீங்கன்னா சிலிண்டரையே ஒப்படைக்க வேண்டாம், ஏஜென்சி மாத்திக் கொடுக்கச் சொன்னா போதும். வேற ஊர்லேருந்து வர்றீங்கன்னா அங்க சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் கொடுத்து டெபாசிட்டைத் திரும்ப வாங்கிட்டு வாங்க. அந்தச் சீட்டைத் தொலைச்சுடாதீங்க. தனி ஆள், சமையல் கம்மின்னா அஞ்சு கிலோ சின்ன சிலிண்டரே போதும், அதுக்கு முகவரிச் சான்று தேவையில்ல.

மேசை, நாற்காலி, கட்டிலுக்கு ஷோரூம் போறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுட்டு பல்லாவரம் சந்தைக்குப் போயிட்டு வாங்க. பழைய டிரங்க் ரோட்டுல வாராவாரம் கூடுற சந்தை. செடியிலேருந்து செகண்ட் ஹேண்ட் பீரோ வரைக்கும் எல்லாம் கிடைக்கும். காலையிலயே போயிடுங்க, வெயில் ஏறினா நிக்க முடியாது. எலக்ட்ரானிக் சாமான்னா அங்கேயே ஓட்டிப் பார்த்து வாங்குங்க, அடுத்த வாரம் அதே ஆள் அதே இடத்துல இருப்பார்னு நிச்சயம் இல்ல. மரச் சாமான்னா அடியில திருப்பிக் கரையான் இருக்கான்னு பாருங்க. கட்டில் வாங்கப் போறீங்கன்னா உங்க வீட்டுப் படிக்கட்டோட அகலத்தை அளந்து கையில எழுதிட்டுப் போங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.